அம்மாவின் பெயரில் ஓர் ஒய்

"மூணாவது தடவையும் பார்த்துட்டேன் அக்கா. அதே ஒய்தான். குட்டையா, ஓரமா, குந்தின மாதிரி உட்கார்ந்திருக்கு."

"யாரோட ஸ்லைடு?"

"அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியாமதான் மூணு தடவை பார்த்தேன்."

"சுத்தி வளைக்காம சொல்லுங்க."

"உங்க அம்மாவோடது."

வீட்டின் இரண்டு மகள்களில் பெரியவள் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தாள்.

"எங்கம்மா ஸ்கூல் வேன் ஓட்டறாங்க. எதிர்ல வர்ற லாரிக்காரன் தானா ஒதுங்கிப் போவான். அதுக்காக ஒய் எல்லாம் இருக்காதுங்க."

"சிரிக்காதீங்க அக்கா. உங்க அப்பா ஸ்லைடுல ரெண்டு எக்ஸ் இருக்கு."

அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

பரிசோதனைக் கூடத்தில் அவளை ஜோடியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருடமாக அவள் செய்கிற வேலை அதுதான். ஒரு மனிதரின் செல்லுக்குள் நாற்பத்தாறு குரோமோசோம்கள் கொட்டிவிட்ட புழுக்களைப் போலச் சிதறிக் கிடக்கும். படம் பிடித்து, நீளம் பார்த்து, கோடு பார்த்து, இரண்டிரண்டாக நிறுத்தினால் இருபத்து மூன்று ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அம்மா கொடுத்தது, மற்றது அப்பா கொடுத்தது. கடைசி ஜோடி மட்டும் பெண்ணென்றால் எக்ஸும் எக்ஸும். ஆணென்றால் ஓர் எக்ஸும் அதற்குப் பக்கத்தில் பொடியாக ஓர் ஒய்யும்.

சொந்தக்காரர்களின் ஸ்லைடை அவரவர் தொடக்கூடாது என்பது கூடத்தின் விதி. அதனால்தான் எதிர் மேசைக்காரர் பார்த்தார். எதையும் மூன்று முறை பார்க்காமல் விடமாட்டார் என்பதால் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர்.

திங்கட்கிழமைக் கதையை மறந்தவர்களுக்காக நாலு வரி. தங்கைக்கு மூன்று முறை கரு தங்கியது, மூன்று முறையும் நிலைக்கவில்லை. போன மாதம் அவள் ரத்தத்தைச் சோதித்ததில் காரணம் அகப்பட்டது. பதினொன்றாம் குரோமோசோமின் வால்நுனியும் இருபத்திரண்டாவதின் வால்நுனியும் இடம் மாறி ஒட்டியிருந்தன. கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. அதனால் அவளுக்கு ஒரு தும்மல்கூட அதிகமாக வந்ததில்லை. பிள்ளைக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கும்போதுதான் வம்பு. இது அம்மா வழியா, அப்பா வழியா, இல்லை இரண்டு பேரிடமும் இல்லாமல் தங்கையிடம் புதிதாக நேர்ந்ததா என்று பார்க்கத்தான் பெற்றவர்கள் இருவரும் திங்கட்கிழமை ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மூன்றாவதாகவே இருக்கட்டும் என்று பெரியவள் நான்கு நாளாக வேண்டிக்கொண்டிருந்தாள். காரணம் இருந்தது. பெற்றவர்களில் ஒருவரிடம் இருந்தால் அது அவளிடமும் இருக்கலாம், பாதிக்குப் பாதி. போன ஞாயிறு காலை குளியலறையில் அவள் கையிலிருந்த கர்ப்பச் சோதனைப் பட்டையில் இரண்டாவது கோடு தெரிந்ததை நாம் மட்டும்தானே பார்த்தோம். ஏழு வாரம். கப்பலில் இருக்கும் கணவருக்குக்கூட இன்னும் சொல்லவில்லை. முதலில் சொல்லவேண்டிய ஆள் தங்கை. சொல்ல வாய் வராத ஆளும் அவள்தான்.

எட்டிப் பார்க்கக் கூடாது. பெரியவள் எட்டிப் பார்த்தாள்.

திரையின் மேல்வரிசை, நடுவரிசை. பதினொன்றாம் ஜோடியில் ஒன்று நன்றாக இருந்தது. மற்றதன் நுனி வேறொரு குரோமோசோமுடையது. கீழே இருபத்திரண்டில் ஒன்றுக்குத் தனக்கில்லாத வால். பக்கத்தில் அந்த ஒய், எதுவும் தெரியாத பிள்ளைபோல.

"இன்னொரு ஸ்லைடு?" என்று கேட்டாள்.

"அதுல எல்லா ஜோடியும் சுத்தம்." பூதக்கண்ணாடி குரலைத் தாழ்த்தினார். "டியூப்ல பேர் மாறியிருக்கு அக்கா. ரத்தம் எடுத்தது ஊசி சிஸ்டர். இருபது வருஷமா ஒரு பேர் மாறினதில்லை. ரெண்டு மணிக்குள்ள எழுதிக் குடுங்கன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. தப்பை சிஸ்டர் பேர்லதான் எழுதியாகணும். எனக்கே ஒரு மாதிரியா இருக்கு."

"டியூப் ரெண்டையும் எடுங்க."

குளிர்பெட்டியிலிருந்து வந்த இரண்டு குழாய்களையும் அவள் வெளிச்சத்தில் பிடித்தாள். ஊசி சிஸ்டர் ஒட்டுகிற பெயர்ச்சீட்டு எப்போதும் கொஞ்சம் சாய்ந்திருக்கும். அவருக்கு ஊசி முக்கியம், சீட்டு அல்ல. இந்த இரண்டும் அளவுகோல் வைத்ததுபோல நேராக இருந்தன. ஒரு குமிழ் இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. நான்கு ஓரமும் நகத்தால் நீவி விடப்பட்டிருந்தது.

ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அவளுடைய ஒவ்வொரு நோட்டுப் புத்தகத்திலும் பெயர்ச்சீட்டு அப்படித்தான் ஒட்டப்பட்டிருந்தது.

"ரெண்டு மணி வரைக்கும் எதையும் எழுதாதீங்க."

"எங்க கிளம்பிட்டீங்க?"

"ஒட்டின ஆளைப் பார்க்க."

அச்சகத்தின் பைண்டிங் பகுதியில் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. புதுப் பள்ளி ஆண்டு தொடங்க இரண்டு மாதம் இருந்தது. பாடப்புத்தகங்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அப்பா அங்கே மேஸ்திரி. அறுபத்தாறு வயது. வெட்டும் இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே கத்தி மழுங்கியதைச் சொல்லிவிடுவார். விரல்நுனியெல்லாம் காய்ந்த பசை.

மகளைப் பார்த்ததும் கையசைத்து இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். திடீரென்று வந்த அமைதியில் அவர் குரல் தேவைக்கு மேல் உரக்கக் கேட்டது.

"ரிசல்ட் வந்துடுச்சா? எனக்குத்தானே?"

அந்த ஆவலைப் பார்த்து அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சீட்டை நீங்கதானே மாத்தி ஒட்டினீங்க?"

அப்பா பசைத் தூரிகையைக் கையில் எடுத்தார். திரும்ப வைத்தார்.

"அந்த சிஸ்டர் பஞ்சு எடுக்கத் திரும்பினாங்க. ரெண்டு டியூபும் தாங்கில நின்னுச்சு. ஒரு நிமிஷ வேலை." பிறகு அடக்கமாட்டாமல் கேட்டார்: "சுருக்கம் ஒண்ணும் விழலையே?"

"விழாததாலதான் மாட்டிக்கிட்டீங்க."

"அதை வெச்சா கண்டுபிடிச்சாங்க?"

"அதை வெச்சு நான் கண்டுபிடிச்சேன். அவங்க கண்டுபிடிச்சது வேற. அம்மா பேர் போட்ட ரத்தத்துல ஒய் இருந்தது."

"அதுல ஆம்பளை பொம்பளை தெரியுமா?"

"முதல்ல தெரியறதே அதுதான்பா."

"எனக்கெங்க தெரியும். பார்க்க ரெண்டும் ஒரே நிறமாத்தானே இருந்துச்சு." உண்மையான வருத்தத்தோடு சொன்னார், அச்சுப்பிழையைப் பார்க்காமல் விட்டவர்போல.

"ஏன்பா இப்படிப் பண்ணீங்க? ஊசி சிஸ்டர் வேலைக்கு உலை வெச்சிருப்பீங்களே."

அப்பா அடுக்கின் மேலிருந்த ஒரு புத்தகத்தை எடுத்து, அதன் முதுகைக் கட்டைவிரலால் நீவினார். பேச்சு வராவிட்டால் அவர் எதையாவது நீவுவார்.

"உனக்கு முன்னாடி அம்மாவுக்கு ரெண்டு போச்சு. தெரியுமில்ல?"

"தெரியும்."

"சின்னவளுக்கு ஆன மாதிரியேதான். அப்போ அது உங்கம்மாகிட்டதான் இருக்கும்னு நினைச்சேன். அந்தக் காலத்துல வந்தவங்க போனவங்க எல்லாம் அவளைத்தான் குறை சொன்னாங்க. நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கலை. இப்போ அதையே ஒரு தாள்ல அச்சடிச்சு, அவ பேரைப் போட்டுக் கையில குடுத்தீங்கன்னா... என் பேர்ல வந்துட்டுப் போகட்டும்னு நினைச்சேன். என்னை யார் கேக்கப் போறாங்க."

பெரியவள் புத்தகக் கட்டின்மேல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா. நீங்க மாத்தி ஒட்டினதாலதான் இப்போ அது அம்மா பேர்ல வந்திருக்கு."

"மாத்தினதால எப்படி அவ பேர்ல..." அவர் நிறுத்தினார். கட்டைவிரலும் நின்றது.

"அம்மா ரத்தத்துல ஒண்ணும் இல்லைப்பா. உங்களோடதுல இருக்கு."

அப்பா கையிலிருந்த புத்தகத்தை அடுக்கில் திரும்ப வைத்தார்.

"நான் நல்லாத்தானே இருக்கேன்?"

"சின்னவளும் நல்லாத்தான் இருக்கா. இடம் மாறியிருக்கே தவிர எதுவும் தொலையலை. உங்க அம்மா குடுத்தது ஒரு செட், அப்பா குடுத்தது ஒரு செட். அதுல ஒரு செட்டுல..."

"இரு." அவர் கையை உயர்த்தினார். இது அவர் பேட்டை. "ஒரு செட்டுல பதினொண்ணாம் தொகுதியோட கடைசிப் பக்கங்களையும் இருபத்திரண்டோட கடைசிப் பக்கங்களையும் எவனோ மாத்தித் தெச்சிருக்கான். ரெண்டு செட்டையும் வெச்சிருக்கறவனுக்கு ஒரு பக்கமும் குறையாது. அதானே?"

"அதேதான். ஆனா பிள்ளைக்குப் பாதிதான் போகும். ஒவ்வொரு எண்ணுலயும் ஒரு புத்தகம். எந்த செட்டுல இருந்து எது போகும்னு யாரும் தீர்மானிக்கறதில்லை. கலைஞ்சுதான் போகும்."

"நல்ல பதினொண்ணும் நல்ல இருபத்திரண்டும் போனா?"

"ஒரு தொல்லையும் இல்லை. அடுத்த தலைமுறைக்கும் போகாது."

"மாறினது ரெண்டும் சேர்ந்து போனா?"

"சின்னவ."

"ஒண்ணு நல்லது, ஒண்ணு மாறினதுன்னு போனா?" கேட்கும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. இப்படிக் கட்டப்பட்ட புத்தகத்தை அவர் கையாலேயே கழித்துப் போட்டிருக்கிறார்.

"சில பக்கம் ரெண்டு தடவை இருக்கும். சில பக்கம் இருக்கவே இருக்காது. அது பெரும்பாலும் நிக்கறதில்லைப்பா."

அப்பா தலையாட்டினார். "அந்த ரெண்டும் அப்படித்தான் இருந்திருக்கும்." பிறகு, அவள் எதிர்பாராத நேரத்தில், "நீ எந்த செட்டுல வந்தவ?"

"தெரியாது."

"பார்க்கலையா?"

"பார்க்கலை."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. அவள் கைப்பையை மடியில் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்ததை மட்டும் பார்த்தார். பசைக்கையைத் துணியில் துடைத்துவிட்டு, "அந்த சிஸ்டருக்கு போனைப் போட்டுக் குடு," என்றார்.

அவர் நின்றுகொண்டே பேசினார், நேரில் பேசுவதுபோல. "அம்மா, தப்பு என்னோடது, உங்களோடது இல்லை" என்று இரண்டு முறை சொன்னார். மறுமுனையில் ஊசி சிஸ்டர் வெகுநேரம் பேசினார். கடைசி வாக்கியம் பெரியவளுக்கும் கேட்டது: "நாளைக்குக் காலையில வாங்க. இந்தத் தடவை கையைக் கட்டிப்போட்டுத்தான் எடுப்பேன்."

"எந்தக் கைன்னு கேளுங்கப்பா," என்றாள் பெரியவள்.

"ரெண்டையும்னு சொல்லிட்டாங்க." அவர் மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "அம்மாகிட்ட இன்னிக்கே சொல்லிடறேன். நீ எதுவும் பேச வேண்டாம். பக்கத்துல இரு, போதும்."

பூதக்கண்ணாடி ஒருவர் பெயரையும் எழுதவில்லை. 'பெயர்ச்சீட்டு மாற்றம், மறு மாதிரி தேவை' என்பதோடு முடித்துக்கொண்டார்.

கடைசிப் பிள்ளையை வீட்டில் விட்டதும் அம்மா வேனைப் பூங்காவின் பக்கவாட்டுத் தெருவில், மரநிழலில் நிறுத்துவாள். பத்து நிமிடம் கண்ணை மூடுவாள். அதற்குப் பிறகுதான் வேனைக் கூட்டுவாள். அன்று கண்ணை மூடிய இரண்டாவது நிமிடத்தில் பக்கவாட்டுக் கதவு திறந்தது. கணவர், பெரிய மகள், வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து அவசரமாக வரவழைக்கப்பட்ட சின்ன மகள்.

"என்ன, ஊர்வலமா வந்திருக்கீங்க?"

"ஒரு விஷயம் சொல்லணும்," என்றார் அப்பா.

"உட்கார்ந்து சொல்லுங்க. பெல்ட்டைப் போடுங்க."

"வண்டி நிக்குதுல்ல."

"என் வண்டியில ஏறினா பெல்ட் போடணும்."

பிள்ளைகளுக்கான இருக்கை, அப்பாவின் முழங்கால் முகவாய்க்கு வந்துவிட்டது. அப்படியே பெல்ட்டையும் போட்டுக்கொண்டார். மகள்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். சின்னவளின் காலடியில் யாரோ விட்டுப்போன ஒற்றைக் காலுறை கிடந்தது. அவள் அதை எடுத்து மடித்து இருக்கையின் ஓரத்தில் வைத்தாள்.

"நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்," என்று ஆரம்பித்தார் அப்பா.

"ஒண்ணுதானா?"

"குறுக்க பேசாத. அப்புறம் விட்டுடுவேன்."

அவர் சொன்னார். கோர்வையாகச் சொல்லவில்லை; சீட்டில் தொடங்கி, ஒய்யில் தடுமாறி, பதினொன்றாம் தொகுதியை இரண்டு முறை விளக்கி, கடைசியில் அந்த ஒரு வரிக்கு வந்து சேர்ந்தார். "உன்கிட்ட எதுவும் இல்லை. என்கிட்டதான்."

அம்மா திரும்பவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கின் மேல் இருந்தன.

"நிஜமாத்தானா?" என்றாள். "மறுபடி சீட்டு கீட்டு மாத்தி ஒட்டலையே?"

"இல்லைம்மா," என்றாள் பெரியவள். பேசவேண்டாம் என்று சொல்லப்பட்டவள். "நானே பார்த்தேன். நாளைக்கு முறைப்படி மறுபடியும் எடுப்பாங்க. ஆனா உன்கிட்ட இல்லை."

"ஏணி," என்றாள் அம்மா.

யாருக்கும் புரியவில்லை.

"முதல் தடவை, பல்பு மாத்த ஏணியில ஏறினேன். அதனாலன்னு நினைச்சேன். ரெண்டாவது தடவை வண்டி ஓட்டக் கத்துக்கிட்டிருந்தேன். குலுங்கினதால போயிடுச்சுன்னு நினைச்சேன்." முன்கண்ணாடியில் அவள் கண்கள் மட்டும் தெரிந்தன. "முப்பத்தேழு வருஷமா தினமும் இந்த ஸ்டியரிங்கைத் தொடும்போது ஒரு நொடி அது ஞாபகம் வரும். ஒரே ஒரு நொடிதான். அப்புறம் பிள்ளைங்க சத்தம் போடும், மறந்துடுவேன்."

தங்கையின் கை இருட்டில் படியைத் தேடுவதுபோல அக்காவின் கையைத் தேடி வந்தது.

"ஏணியும் இல்லை, வண்டியும் இல்லைம்மா," என்றாள் பெரியவள். "பங்கு பிரியும்போதே அப்படிப் பிரிஞ்சிருக்கு. நீ படுத்தே இருந்திருந்தாலும் அதேதான்."

அப்பா பெல்ட்டைக் கழற்ற முயன்றார். அது மாட்டிக்கொண்டது. இருந்த இடத்திலிருந்தே பேசினார்.

"நான் அப்பவே சொல்லியிருக்கணும்."

"என்னன்னு சொல்லியிருப்பீங்க?"

"உன் தப்பு இல்லைன்னு."

"உங்களுக்கே தெரியாதே."

"தெரியாமலேயே சொல்லியிருக்கலாம்."

அம்மா அப்போதுதான் எழுந்தாள். இருக்கைகளுக்கு நடுவே குனிந்து வந்து, பிள்ளைகளுக்குச் செய்வதுபோல ஒரே அழுத்தில் பெல்ட்டை விடுவித்தாள். பிறகு அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அவர் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, விரல்நுனியில் காய்ந்திருந்த பசையைத் துளித்துளியாக உரிக்கத் தொடங்கினாள். கண்ணீர் விழுந்த இடத்தில் பசை கொஞ்சம் இளகியது.

"இந்த வயசுல டியூப் திருட்டு," என்றாள்.

"திருடலை. மாத்தித்தான் ஒட்டினேன்."

"பேசாதீங்க."

கடைசி வரிசையில் தங்கை மூக்கை உறிஞ்சினாள். "மூக்குதான் அப்பாவோடதுன்னு நினைச்சேன். இதுவுமா," என்றாள் மெதுவாக. கொஞ்சம் பொறுத்து, "அவர்கிட்ட இது இருந்தும் நாம ரெண்டு பேரும் பொறந்தோமில்ல? அப்போ எனக்கும் குழந்தை வரும்ல?"

"வரலாம்."

"வரும்னு சொல்லு."

"வரலாம்னு சொல்லத்தான் எனக்கு உரிமை."

"நீ எனக்கு அக்காவா, ஆபீஸா?"

பெரியவள் தங்கையின் முகத்தைப் பார்த்தாள். அப்பாவின் மூக்கு, அம்மாவின் புருவம், யாரிடமிருந்து வந்தது என்றே தெரியாத அந்தப் பிடிவாதம். "வரும்," என்றாள்.

தங்கை கையை நீட்டி அக்காவின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். யார் கண்ணாடி அழுக்காக இருந்தாலும் அவளுக்குப் பொறுக்காது. கடையில் அப்படிப் பழகிவிட்டாள். துப்பட்டாவின் முனையால் துடைத்து, வெளிச்சத்தில் பார்த்து, மறுபடியும் துடைத்தாள். கண்ணாடி இல்லாமல் பெரியவளுக்கு முன்னால் இருந்த இருவரும் ஒரே உருவமாகத் தெரிந்தார்கள். தங்கை ஒரு மங்கலான நிறம்.

"நாளைக்கு அவங்களோட நீயும் ரத்தம் குடுத்துடு அக்கா. தள்ளிப்போடாத."

பெரியவளின் கைப்பை மடியில் இருந்தது. அதன் கீழே ஏழு வாரம் இருந்தது.

"உன்கிட்டயும் இருந்தா, என்கிட்டதான் முதல்ல சொல்லணும். இல்லைன்னாலும் என்கிட்டதான்." தங்கை துடைப்பதை நிறுத்திவிட்டாள், கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. "இன்னொண்ணு. உனக்கு எப்பவாவது நல்ல சேதி வந்தா, நான் வருத்தப்படுவேன்னு மறைச்சு வெக்காத. அதையும் எனக்குத்தான் முதல்ல சொல்லணும். சொல்வியா அக்கா?"